லூன் தீவில் பதில் ஊதியவன்

ஜூன் முதல் வாரத்தில் மார்லீனின் படகு என்னை லூன் தீவின் துறையில் இறக்கிவிட்டது. என்னோடு இறங்கியவை நான்கு பெட்டி மளிகை, ஒரு படுக்கைப் பை, முட்டிவலித் தைலம், ஒரு டூபா. டூபா தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பேண்ட் வாத்தியக் குழுவின் கடைசி வரிசையில் ஒரு குண்டு ஆள், பித்தளை மலைப்பாம்பு ஒன்று தன்னைச் சுற்றிக்கொண்டதுபோல் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பாரே, அவர் தோளில் இருப்பது. பேஃபீல்ட் ஊர்ப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் பேண்ட் வாத்தியாராக இருந்தவன் நான். அந்தக் குண்டு ஆளும் நான்தான்.

"இதையும் காவலுக்குக் கூட்டிட்டு வந்தீங்களா, வாத்தியாரே?" என்றாள் மார்லீன்.

"கரடி வந்தா ஊதி விரட்டுவேன்."

"பாவம் கரடி. அதுக்கும் காதுன்னு ஒண்ணு இருக்குல்ல?"

மார்லீன் ரெட் கிளிஃப் என்ற பழங்குடி ஊர்க்காரி. முப்பது வருடமாக இந்த ஏரியில் ஆட்களையும் மீனையும் ஏற்றி இறக்குகிறவள். இரண்டில் எது அதிகம் புலம்பும் என்று கேட்டால் என்னைக் கைகாட்டுவாள். கயிற்றை அவிழ்க்குமுன் சட்டைப்பையிலிருந்து ஒரு சிட்டிகை புகையிலையை எடுத்து, அவர்கள் வழக்கப்படி ஏரிக்குக் காணிக்கையாகத் தண்ணீரில் போட்டாள். அந்த ஒரு கணம் மட்டும் அவள் கிண்டல் செய்வதில்லை. பிறகு படகைத் திருப்பி ஊதலை அழுத்தினாள். மூன்று நீளம், இரண்டு குட்டை.

எங்கள் ஏரியில் அது வணக்கம். யார் ஊதினாலும் பதிலுக்கு அதையே ஊத வேண்டும். ஊதாமல் இருப்பது, வீட்டு வாசலில் வந்து நின்றவரைப் பார்த்தும் பார்க்காததுபோல் கதவைச் சாத்துவது மாதிரி. நான் டூபாவைத் தோளில் ஏற்றி, மூன்று நீளம், இரண்டு குட்டை ஊதினேன். கடற்காகங்கள் மொத்தமாக எழுந்து வேறு தீவுக்குக் குடிபோயின.

தீவின் கலங்கரை விளக்குக்கு இப்போது ஆள் தேவையில்லை. சூரியத் தகடு ஒன்றும் கைக்கடக்கமான பல்பு ஒன்றும் அதைப் பார்த்துக்கொள்கின்றன. காடும் தீவுகளும் பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால், கோடையில் என்னைப் போன்ற தொண்டர்களைக் கொண்டுவந்து, விளக்குக் காவலர்களின் பழைய வீட்டில் வைக்கிறார்கள். வருகிறவர்களுக்குக் கதை சொல்ல வேண்டும், கோபுரப் படியில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கழிப்பறையைக் கழுவ வேண்டும். சம்பளம் கிடையாது. ஒரு தொப்பி தருவார்கள்.

நான் சொல்லும் கதைகளில் அதிகக் கைதட்டல் வாங்கியது மத்தில்டாவின் கதை.

நூறு வருடத்துக்கும் மேலாகிவிட்டது. நவம்பர் மாத மூடுபனியில் மத்தில்டா என்ற மரக்கப்பல் இந்தத் தீவைத் தேடி ஊதிக்கொண்டே சுற்றியது. கரையில் நீராவி ஊதல் ஒன்று இருந்தது. ஆனால் அன்று கொதிகலன் அணைந்து கிடந்தது, காவலர் தூங்கிவிட்டார். ஒரு பகல் முழுக்கக் கப்பல் ஊதியது. பதில் இல்லை. இருட்டுமுன் அதுவும் நின்றது. அதில் இருந்தவர்களில் ஒருவர்கூடக் கரை ஒதுங்கவில்லை. இந்த ஏரியின் குளிரில் உடல்கள் மிதந்து மேலே வருவதில்லை.

இந்த இடத்தில் கேட்பவர்கள் முகம் வாடும். முகம் வாடினால் எனக்குப் பொறுக்காது. அது என் வியாதி. "காவலரைத் திட்டாதீங்க, அவருக்குத் தொழிற்சங்கத்துல மதியத் தூக்கத்துக்கு அனுமதி உண்டு" என்பேன். பிறகு டூபாவை எடுத்து, "தாமதத்துக்கு மன்னிக்கணும், மத்தில்டா!" என்று ஏரியைப் பார்த்துக் கத்திவிட்டு, மூன்று நீளம், இரண்டு குட்டை ஊதுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். குழந்தைகள் இன்னொரு தடவை கேட்பார்கள்.

ஒரு நாளைக்கு மூன்று குழு. மூன்று வாரம். எத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறேன் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இந்த வியாதி என்னிடமிருந்து என் மகளைப் பறித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி டெலோரஸை அடக்கம் செய்த அன்று, தேவாலயத்தில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தபோது, நான் எழுந்து ஒரு ஜோக் சொன்னேன். நல்ல ஜோக்தான். டெலோரஸுக்கே பிடித்தது. என் மகள் லின்னியா எழுந்து வெளியே போனாள். அதன் பிறகு ஒன்றரை வருடம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் தீவுக்கு வந்த மூன்றாவது வாரம் மார்லீன் ஒரு தபாலட்டை கொண்டுவந்தாள். பச்சை மையில் இரண்டு வரி. "ஞாயிறு வர்றேன், ஹெரான் தீவில் முகாம் போட்டுட்டு அங்கிருந்து கயாக்ல. ஜோக் வேண்டாம்."

"நல்ல செய்தியா?" என்றாள் மார்லீன்.

"பொண்ணு வர்றா. ஒத்தை ஆள் துடுப்புப் படகுல."

"அப்ப முகத்த ஏன் இப்படி வச்சிருக்கீங்க?"

"ஜோக் இல்லாம பேசிப் பழகிட்டிருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

ஞாயிறு காலை எழுந்து நான்கு ரொட்டிக்கு மாவு பிசைந்தேன். டெலோரஸின் ஏலக்காய் ரொட்டி. எங்கள் சுவீடிஷ் வீடுகளில் யார் வந்தாலும் காப்பியோடு அதுதான். அவள் இருந்தவரை நான் தின்றதோடு சரி, பிசைந்ததில்லை. மாவு என் முழங்கை வரை ஏறியது. அதை மூடி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

ஏரி இல்லை.

மூடுபனி எங்களுக்குப் புதிதல்ல. ஜூனில் காற்று சூடாகும், தண்ணீர் இன்னும் பனிக்கட்டியின் தங்கையாக இருக்கும். இரண்டும் தொட்டால் வெள்ளைச் சுவர் எழும். ஆனால் இது சுவர்போல் இல்லை. பாறை விளிம்பில் நின்று கையை நீட்டினால் விரல் நுனி தெரியவில்லை. பைன் மரங்களிலிருந்து சொட்டும் நீர் தவிர ஒரு சத்தமும் கிடையாது. உப்பு வாசனையற்ற தண்ணீர் எங்களுடையது; அன்று அதன்மேல் ஈர மரத்தின் வாசனை இருந்தது. ரொம்ப நாள் மூடிக்கிடந்த பெட்டியைத் திறந்தால் வருமே, அது.

பத்து மணிக்கு ஊதல் கேட்டது. மூன்று நீளம், இரண்டு குட்டை.

மார்லீன்தான் என்று நினைத்தேன். இந்தப் பனியிலும் வேலைக்கு வந்துவிட்டாளே என்று டூபாவைத் தூக்கிப் பதில் ஊதினேன். உடனே அங்கிருந்தும் பதில். நான் குஷியாகி ஒரு போல்கா நடனப் பாட்டின் முதல் வரியை ஊதினேன்.

போல்காவின் முதல் வரி திரும்பி வந்தது.

படகு ஊதலுக்கு ஒரே ஒரு சுரம்தான் உண்டு. அதில் போல்கா வாசிக்க முடியாது. முப்பத்தொரு வருட வாத்தியாருக்கு இது தெரிய அரை நிமிடம் ஆனது.

உள்ளே போய் வாக்கிடாக்கியை எடுத்தேன். "கேப்டனம்மா, எங்க இருக்கீங்க?"

"பேஃபீல்ட் துறையில. காப்பி குடிச்சிட்டு இருக்கேன். இன்னிக்கு ஒரு படகும் கிளம்பல, வாத்தியாரே. ஏன்?"

"இங்க யாரோ ஊதுறாங்க."

"சரக்குக் கப்பலா இருக்கும். பதில் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"நல்ல பிள்ளை."

சரக்குக் கப்பல் போல்கா வாசிக்காது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள், நான் சொல்வதையெல்லாம் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள்.

அதன்பின் நான் ஊதவில்லை. அது ஊதியது. கால் மணிக்கு ஒரு முறை. பிறகு பத்து நிமிடத்துக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் அதே வணக்கம், ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் அருகில். நான் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, மாவை நான்கு தட்டில் பிரித்து வைக்க உட்கார்ந்தேன். காது கேளாதவன்போல் நடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

இரண்டு மணிக்கு வாக்கிடாக்கி கரகரத்தது.

"லூன் தீவு, லூன் தீவு. அப்பா, இருக்கியா?"

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல். வாக்கிடாக்கியைப் பாய்ந்து எடுத்தேன்.

"இருக்கேன், கண்ணு. எங்க இருக்க?"

"தெரியல. வெயில் இருக்கும்போதுதான் ஹெரான் தீவுல இருந்து கிளம்பினேன். பாதி வழியில பனி மூடிடுச்சு. போன் தண்ணிக்குள்ள போயிடுச்சு. பரவாயில்ல, நீ ஊதுறது கேக்குது. அத வச்சுத்தான் அரை மணி நேரமா வந்துட்டிருக்கேன்."

என் கையிலிருந்த மாவு தரையில் விழுந்தது.

"லின்னியா. துடுப்பை நிறுத்து."

"ஏன்?"

"ஊதுறது நான் இல்ல."

துடுப்பு கயாக்கின்மேல் இடித்த சத்தம் வந்தது.

"அப்பா, ஜோக் வேண்டாம்னு எழுதியிருந்தேன்ல?"

"ஜோக் இல்ல."

"எனக்கு விரல் மரத்துப்போச்சு. கயாக்ல தண்ணி ஏறிட்டிருக்கு. இப்பவாவது..."

"உங்கம்மா மேல சத்தியம்டி."

டெலோரஸ் பெயரில் நான் ஒருநாளும் சத்தியம் செய்ததில்லை. அது அவளுக்குத் தெரியும்.

"அப்ப யாரு அது?" என்றாள், குரலைத் தாழ்த்தி.

"தெரியல. நான் இப்ப ஒரே ஒரு தடவை ஊதுறேன். எந்தப் பக்கம்னு சொல்லு."

வாக்கிடாக்கியை இடுப்பில் சொருகிக்கொண்டு பாறை விளிம்புக்கு ஓடினேன். ஓடினேன் என்பது பெருமைக்கு, உருண்டேன். டூபாவில் ஒரே ஒரு நீளச் சுரம் ஊதினேன்.

"கேட்டுச்சு. இடது பக்கம். ரொம்பத் தூரம்," என்றாள். பிறகு, "இப்ப வலது பக்கம். பக்கத்துல."

ஹெரான் தீவிலிருந்து வருகிறவளுக்கு வலது பக்கம் தீவே கிடையாது. திறந்த ஏரி. ஐம்பது மைலுக்குத் தண்ணீர்.

"இடது பக்கமே வா. வலது பக்கம் திரும்பாத."

"சரி."

மறுபடி ஊதினேன். இம்முறை நான் முடிக்குமுன் அதுவும் சேர்ந்து ஊதியது. அதே சுரம். அதே நீளம். கடைசியில் எனக்கு மூச்சு இழுக்குமே, அந்த இழுப்பும்.

"அப்பா, ரெண்டும் ஒண்ணா வருது. எது நீ?"

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளி விழாவில் நான் சொதப்பிய ஒரு மெட்டு உண்டு. நான்காவது சுரத்தில் எப்போதும் தவறுவேன். அதை ஊதினேன். நான்காவது சுரத்தில் தவறினேன்.

பனிக்குள்ளிருந்து அந்த மெட்டு வந்தது. நான்காவது சுரத்தில் தவறியது.

பிறகு இன்னொரு பக்கத்திலிருந்து. பிறகு பின்னாலிருந்து. அந்தத் தவறை ரசித்துப் பழகுகிறவர்கள்போல், ஒவ்வொருவராக.

"அப்பா, சுத்திலும் நீயா இருக்க."

"எந்தச் சத்தத்தையும் நம்பாத, கண்ணு. என் சத்தத்தையும்."

"அப்ப எதை நம்பறது?"

ஒரு 'டிக்'. அதோடு அவள் பக்கம் செத்துவிட்டது. கூப்பிட்டேன், கூப்பிட்டேன். பேட்டரி குளிரில் உயிரை விட்டிருக்க வேண்டும்.

மீட்புப் படகைக் கூப்பிட்டேன். கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள். இந்தப் பனியில் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். கயாக்கில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்தத் தண்ணீரில் கவிழ்ந்தால் பத்து நிமிடத்தில் கை மடங்காது. அதற்கப்புறம் மார்லீன்கூடத் தேட மாட்டாள்.

டூபாவைப் பாறைமேல் வைத்தேன். ஏரி பூராவும் என்னைப்போல ஊதிக்கொண்டிருந்தது.

அப்போது என் கழுத்தின் பின்புறம் சில்லென்று ஒரு காற்றுப் பட்டது. தென்மேற்குக் காற்று. இலை அசையாத அளவுதான். அது என்னைத் தாண்டி, ஹெரான் தீவுப் பக்கம், லின்னியா இருக்கிற திசைக்குப் போய்க்கொண்டிருந்தது.

சத்தத்தை அவர்கள் திருடலாம். நான் சமைப்பதைத் திருட யாரால் முடியும்?

சமையலறைக்கு ஓடினேன். நான்கு தட்டிலும் மாவு பொங்கி நின்றது. இந்தத் தீவில் நெருப்பு மூட்டத் தடை. காட்டு விறகைத் தொடத் தடை. நானே அந்தத் தடைகளை வாரத்துக்கு இருபது குழுவுக்கு ஒப்பித்தவன். ஒதுங்கிய கட்டைகளையும் என் அறை நாற்காலியையும் பாறைமேல் குவித்துக் கொளுத்தினேன். நான்கு தட்டையும் நெருப்பில் வைத்தேன். டப்பாவிலிருந்த ஏலக்காய் முழுவதையும் கொட்டினேன். வெண்ணெயைக் கட்டியாக எறிந்தேன்.

ரொட்டி வேகவில்லை, கருகியது. புகை தடித்து எழுந்து, பனிக்குள் நுழைந்து, வடகிழக்கே நகர்ந்தது. டெலோரஸ் காலமான அடுத்த வாரம் இதே ரொட்டியைச் சுடப்போய் நான் வீட்டையே கிட்டத்தட்டக் கொளுத்தியது லின்னியாவுக்குத் தெரியும். அண்டை வீட்டுக்காரி போன் செய்து சொல்லியிருக்கிறாள். உலகத்தில் இப்படி ஒரு நாற்றத்தை உண்டாக்க ஒரே ஒரு ஆளால்தான் முடியும்.

ஊதல்கள் நின்றன.

எல்லாம் ஒரே சமயத்தில்.

சொட்டும் மரங்களின் சத்தம்கூட இல்லை. நான் தட்டுகளின் அருகில் முழந்தாளிட்டுக் கிடந்தேன்.

அப்போது தண்ணீர்மேல் ஒரு சத்தம் கேட்டது.

மூச்சை மூக்கால் உள்ளே இழுக்கும் சத்தம்.

நீளமாக. மெதுவாக. பசித்தவன் சமையலறை வாசலில் நின்று இழுப்பதுபோல்.

ஒரு மூக்கு அல்ல.

நான் பிரார்த்தனை தெரியாதவன். "எல்லாருக்கும் தர்றேன்," என்று முணுமுணுத்தேன். "எவ்வளவு வேணும்னாலும் தர்றேன். அவள விட்டுடுங்க."

எத்தனை நேரம் போனது என்று தெரியாது. பிறகு துடுப்பிலிருந்து நீர் சொட்டும் சத்தம் கேட்டது. பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு மஞ்சள் முனை வந்து பாறையில் இடித்தது. கயாக்கில் என் மகள் குனிந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம். கண் திறந்திருந்தது.

"கருக விட்டுட்டியா?" என்றாள்.

அவளைத் தூக்கினேன். எழுபது வயதில், அறுபது கிலோவை, வழுக்குப் பாறையில். முட்டி என்ன சொன்னது என்று இங்கே எழுத முடியாது.

"இழுக்கவே முடியலப்பா," என்றாள் என் கழுத்தில் முகத்தை வைத்து. "கடைசி அரை மணி நேரம் கயாக் அவ்வளவு கனம். பாறாங்கல்லைக் கட்டி இழுத்த மாதிரி. தண்ணி ஏறினதாலதான் இருக்கும்."

"தண்ணிதான்," என்றேன்.

வீட்டுக்குள் கொண்டுபோய் ஈர உடையைக் களைந்து, இருக்கிற கம்பளி எல்லாவற்றிலும் சுற்றி, சமையலறை அடுப்போரம் உட்கார வைத்தேன். மீட்புப் படகுக்குச் செய்தி சொன்னேன். கரைக்குத் திரும்புகிறோம் என்றார்கள். நான்கு தட்டுகளையும் கரியோடு கொண்டுவந்து மேசையில் வைத்தேன். கதவைத் தாழிட்டேன். தாழ்மேல் ஒரு நாற்காலியைச் சாய்த்தேன். இன்னொரு நாற்காலிதான் எரிந்துவிட்டதே.

அவள் காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அதையே பார்த்தாள்.

"அன்னிக்குச் சர்ச்ல ஏன் அப்படிச் செஞ்ச?"

ஒன்றரை வருடமாக இந்தக் கேள்விக்கு நான் தயார் செய்து வைத்திருந்த பதில்கள் பதினைந்து. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு சிரிப்பு வரும். ஒன்றையும் சொல்லவில்லை.

"அழ ஆரம்பிச்சா நிறுத்த முடியாதுன்னு பயந்தேன்," என்றேன்.

அவள் கம்பளிக்குள்ளிருந்து ஒரு கையை நீட்டி என் கையைப் பிடித்தாள். விரல்கள் இன்னும் பனிக்கட்டியாகத்தான் இருந்தன. அன்று நான் அழுதேன். நிறுத்தவும் முடிந்தது, ரொம்ப நேரம் ஆனது, அவ்வளவுதான்.

மேலே, பழைய காவலர்களின் அறையில், காட்சிக்காக ஆறு இரும்புக் கட்டில்கள் கிடந்தன. குறுக்கே கயிறு கட்டி 'தொடாதீர்' என்று எழுதியிருக்கும். நாங்கள் அங்கே போகவில்லை. அடுப்பு அருகிலேயே தரையில் படுத்து, ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு தூங்கிப்போனோம்.

காலையில் வெயில் ஜன்னலில் அடித்தது. ஏரி மீண்டும் ஏரியாக, நீலமாக, ஒன்றும் நடக்காததுபோல் படுத்திருந்தது. லின்னியா தூங்கிக்கொண்டிருந்தாள். நாற்காலியை நகர்த்தி, தாழைத் திறந்து, கயாக்கைப் பார்க்க இறங்கினேன்.

பாறைமேல் நான் இழுத்துப் போட்ட இடத்திலேயே இருந்தது. கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினேன். ஒரு வாளிகூட இல்லை.

பின்முனைக் கைப்பிடியில் ஒரு கயிறு கட்டியிருந்தது.

என் மணிக்கட்டுத் தடிமன் சணல் கயிறு. கறுத்து, ஊறி, ஏரியின் அடியில் இருக்கும் சேற்று வாசனையோடு. இந்தக் காலத்தில் யாரும் விற்பதில்லை. முடிச்சு அவ்வளவு ஒழுங்கு. பழகிய கை போட்டது.

அதன் மறுமுனையைத் தேடித் தண்ணீரைப் பார்த்தேன். கயிறு தண்ணீரை நோக்கிப் போகவில்லை.

பாறைமேல் ஏறியது. நெருப்பு எரிந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு, புல்வழியே, வீட்டுப் படிக்கட்டு வரை போனது. அங்கே, வாசலுக்கு இடப்பக்கம், நான் சற்றுமுன் தாண்டி வந்த இடத்தில், மிச்சக் கயிறு வட்டம் வட்டமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கரை சேர்ந்த கப்பல்காரர்கள் வேலை முடிந்ததும் சுருட்டி வைப்பதுபோல். ஒரு சுற்றுகூடக் கோணவில்லை.

"அப்பா!" உள்ளிருந்து லின்னியா கூப்பிட்டாள். "அந்தக் கரி எல்லாத்தையும் நீயா தின்ன?"

எப்படிப் படியேறினேன் என்று தெரியவில்லை. அவள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு மேசை அருகில் நின்றிருந்தாள். தலைமுடி கலைந்து, கன்னத்தில் ரத்தம் திரும்பி, சிரித்துக்கொண்டு. மேசையில் நான்கு தட்டுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. துடைத்தெடுத்ததுபோல் பளபளத்தன. ஒரு துணுக்கு இல்லை.

கடற்காகம்கூடத் தொடாத கரி அது. ராத்திரி முழுக்கக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"ஆமா, கண்ணு," என்றேன். "பசிச்சுது."

"வயிறா அது, குப்பைத்தொட்டியா?" என்று சொல்லி அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அம்மாவின் சிரிப்பு. ஒன்றரை வருடமாக நான் கேட்க ஏங்கியது.

எங்கள் தலைக்குமேல் ஒரு கட்டில் முனகியது. தூக்கத்தில் யாரோ புரண்டு படுத்ததுபோல்.

அவள் சிரிப்பை நிறுத்தி மேலே பார்த்தாள்.

அடுத்த கட்டில் முனகியது. அதற்கடுத்தது. வயிறு நிறைந்து, சூடு கண்டு, இடம் பார்த்துப் படுக்கிறவர்களின் நிதானத்தோடு, ஒவ்வொன்றாக. நான் என்னையறியாமல் எண்ணினேன்.

ஆறு கட்டில்தான் அங்கே.

ஆறுக்குப் பிறகு, வெறும் தரைப் பலகை முனகத் தொடங்கியது.